புல் என்று நீ சொன்னது

பரணிலிருந்து மழைக்கோட்டை எடுத்து உதறினேன். வீடு முழுக்கக் கழுதை நாற்றம். "இன்னாடி இது, எலி ஏதாவது செத்துக் கெடக்குதா?" என்று இவர் கூடத்திலிருந்து கேட்டார். எலி இல்லை, இமயமலை என்றேன். இரண்டு வருஷமாக மடித்து வைத்திருந்தும் அந்தக் கோவேறு கழுதையின் வியர்வையும் மண்ணெண்ணெய் அடுப்பின் புகையும் அதை விட்டுப் போகவில்லை. பைக்குள் கையை விட்டால் மல்லாட்டைத் தோல். மலையில் குப்பை போடக் கூடாது என்று கைடு சொன்னதும், நீ தின்ற வேர்க்கடலையின் தோலையெல்லாம் என் கோட்டுப் பையில் போட்டாய். உன் கோட்டுக்கும் இரண்டு பை இருந்தது.

திண்டிவனத்தில் மூன்று நாளாக விடாத மழை. அந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டு ரயிலேறி, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள். உன்னிடம் கத்த வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. கத்தினால் கேட்காத இடத்துக்கு நீ போய்விட்டாய். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

பத்தொன்பது வருஷம் இதே ரயிலில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போனோம். அதில் ஒரு நாளாவது நீ நேரத்துக்கு வந்ததுண்டா? வண்டி நகரும்போது கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்து என் பெட்டியில் ஏறுவாய். "ஜல்தியா வந்துட்டேன் பாரு" என்பாய். உனக்காகப் பிடித்து வைத்த இடத்துக்கு நான் ஊரோடு சண்டை போட்டிருப்பேன்.

அப்படி ஒரு காலையில்தான் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். பனிமலை, நடுவில் ஆறு, வரிசையாகக் கூடாரங்கள். ஆறு நாள் நடை, கூடவே வழிகாட்டி, பெண்கள் மட்டும். "போலாம் வாடி. அம்பது வயசு ஆவறதுக்குள்ள ஒரு தடவ" என்றாய். கடைசியில் மலைக்கு மேலே ஒரு ஏரி. பனி உருகி நிறைந்த ஏரி. அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாய். அதைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று சொன்னவள் நீதான்.

வீட்டில் சொன்னேன். இவர் சிரித்தார். "மாடி ஏறி துணி காயப் போடறதுக்கே ரெண்டு தடவ உக்கார்ற. நீ இமயமலைக்கா?" பையன் அப்பாவோடு சேர்ந்துகொண்டான். "பாதியில உன்ன ஹெலிகாப்டர்ல தான்மா தூக்கியாரணும்." எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் ரயிலில் உன்னிடம் அழாத குறையாகச் சொன்னேன்: நான் அந்த ஏரியைத் தொட்டுவிட்டு வரவேண்டும், முடியவில்லை என்று திரும்பிவந்து அந்த இரண்டு பேர் வாயில் விழமாட்டேன். நீ என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாய். அவ்வளவுதான். அதை நீ எவ்வளவு தூரம் மனதில் வைத்திருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

பயிற்சி என்ற பெயரில் நாம் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மேடு எங்கே இருக்கிறது? முதுகில் அரிசிப் பொட்டலம் வைத்த பையோடு விழுப்புரம் ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். நான் பத்து முறை ஏறினேன். நீ மூன்று முறை ஏறிவிட்டு, மேலே நின்று எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வருகிறது என்று தெரியாத ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு ஞாயிறு செஞ்சிக்கோட்டைக்குப் போனோம். பாதி மலையில் வெள்ளரிக்காய் தின்ன உட்கார்ந்தவளை நான் மேலே போய்த் திரும்பி வந்துதான் எழுப்பினேன். ஆனால் உனக்கு மூச்சு வாங்கியதே இல்லை. எனக்குத்தான் வாங்கும். அதுவும் எனக்கு எரிச்சல்.

மலையடிவாரத்தில் இறங்கிய நிமிடமே நீ மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாய். உனக்கு ஹிந்தி தெரியுமா என்று கேட்டேன். "ஜல்தி தெரியும், பேஜாரு தெரியும், சோக்கு தெரியும். பாதி ஹிந்தி நம்ம ஊர்லயே பேசிக்கினுதான இருக்கறோம்? மீதி தானா வரும்" என்றாய். நம் கூட்டத்தில் கோயம்புத்தூர் டீச்சர் ஒருவர் இருந்தார். முறையாக ஹிந்தி படித்தவர். அவரை எனக்கு எதையும் சொல்ல விட்டாயா? கைடு வாயைத் திறந்தால் நடுவில் வந்து நின்றுகொள்வாய். அவர் ஐந்து நிமிஷம் பேசுவார். நீ, "பாத்து வரணுமாம்" என்பாய்.

சாயங்காலமானால் கைடு எல்லோர் விரலிலும் அந்தக் கிளிப்பை மாட்டுவார். கொரோனா காலத்தில் நாமெல்லாம் வாங்கி வைத்திருந்தோமே, உடம்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுவது. எனக்கோ கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது. கண்ணாடி எப்போதும் மூட்டையின் அடியில். நீ எட்டிப் பார்த்து, "நல்லாக்குதாம்" என்பாய். உன்னுடையதை மட்டும் உரக்க வாசிப்பாய். "எனக்குத் தொண்ணூறுக்கு மேலடி! எங்க மாமியா ஊரு, கோலியனூர் தண்ணி!" கூடாரம் கூடாரமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய்.

மூன்றாம் நாள். அதை எப்படி மறப்பேன்? மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கழுதைக்காரர்கள் பின்னால் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வழி இரண்டாகப் பிரியும் இடம் வரப்போகிறது என்று கைடு நம் இருவரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆற்றோரம் கீழே ஒன்றைக் காட்டினார், தலையை ஆட்டினார். மேலே ஒன்றைக் காட்டினார். புல், புல் என்று பலமுறை சொன்னார். பிறகு கூட்டத்தைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டார்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"கீழ புல்லு கெட்டுப்பூடுச்சாம். மேல புல்லு நல்லாக்குதாம்."

"அத ஏன் நம்மகிட்ட சொல்றாரு?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "கழுதைக்குடி. பின்னால வர்றவங்க கிட்ட சொல்லச் சொல்றாரு போல. எங்க மேய்க்கறதுன்னு. நமக்கு இன்னா புல்லு? வா, கீழ் வழி சமமாக்குது."

நானும் வந்தேன். அது என் புத்தி. ஒரு மணி நேரம் ஆற்றோரமாகவே நடந்தோம். வழியெல்லாம் புல்லைப் பார்த்து, "நல்லாத்தான இருக்குது, ஏன் கெட்டுப்பூடுச்சுன்றாரு?" என்று நீ விசாரித்துக்கொண்டே வந்தாய். பிறகு வழி முடிந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் இரண்டு மரத்துண்டுகள் தொங்கின. அந்தக் கரையில் ஒன்று. நடுவில் ஒன்றுமில்லை, கீழே தண்ணீர் பாறையில் மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. நம்மைத் தேடிக்கொண்டு கைடு ஓடி வந்தார். அந்த உடைந்த பாலத்தைக் காட்டி, "புல்! புல்!" என்று கத்தினார்.

நீ அதைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "இதப் போயி புல்லுன்றாரேடி!" என்றாய். ஹிந்தியில் பாலத்துக்குப் பெயரே புல்தானாம்.

வந்த வழியே திரும்பி, மேல் வழியில் ஏறி, முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை வெடித்தது. தின்றது எல்லாம் வெளியே வந்தது. கைடு என் விரலில் கிளிப்பை மாட்டினார், கழற்றினார், தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார். பிறகு உன்னை வெளியே கூப்பிட்டார். கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் நீங்கள் வெகுநேரம் பேசினீர்கள். நீ உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"ரெண்டு பேரும் சொன்ன பேச்ச கேக்கலியாம். நாளைக்கு ஏரிக்குக் கூட்டிக்கினு போவ மாட்டாராம். காலையில கழுதைக்காரரோட கீழ் முகாமுக்குப் போவணுமாம். எல்லாம் என்னாலதான்டி. திட்டறதுன்னா திட்டு."

திட்டினேன். என் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. ஏரி இன்னும் நாலு கிலோமீட்டர்தான். உனக்கு எல்லாம் விளையாட்டு, உன்னை நம்பி வந்தேனே என்றேன். நீ ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. நீ பதில் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கீழ் முகாமுக்கு இறங்கியதும் தலைவலி சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. அதையும் நான் யோசிக்கவில்லை. டெல்லியிலிருந்து ஊர் வரும்வரை உன்னோடு பேசவில்லை. நீ வாங்கிக் கொடுத்த டீயைக் கூட ஆறவிட்டேன்.

ஒரு மாதத்தில் பேசிவிட்டோம். ஆனால் கதை நிற்கவில்லை. இரண்டு வருஷம் ஆபீசில், ரயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் உன் புல் கதைதான். நான் சொல்லி முடிப்பேன், நீ "இதப் போயி புல்லுன்றாரேடி" என்று எடுத்துக்கொடுப்பாய். இவரும் பையனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "நீ போயிருப்ப, அந்தம்மாதான் கவுத்துட்டாங்க" என்று இவர் சொல்வார். அந்தச் சொல் எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, ரயிலுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. அன்றும் உனக்காக இடம் பிடித்து வைத்துக்கொண்டு நான் விழுப்புரம் வரை போனேன்.

கோலியனூரில் உன் மாமியார் வீட்டில் காரியம். அதற்கு முந்தின நாள் அந்தக் கோயம்புத்தூர் டீச்சர் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். நானும் வழக்கம் போல அந்தப் புல்லில் ஆரம்பித்தேன். அவர் தயங்கினார்.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னும் தெரியாதுங்களா? உங்களுக்கு ஆக்ஸிஜன் ரொம்பக் கம்மியா இருந்துச்சுங்க. மேல போனா ஆபத்துன்னுதான் கைடு இறக்கிவிட்டாரு. உங்க சிநேகிதிதான் என்னைக் கூப்பிட்டு அவருகிட்ட இந்தியில சொல்லச் சொன்னாங்க. அவளால முடியலன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம், நான் பண்ணின தப்புக்குத் தண்டனைன்னு நானே சொல்லிக்கறேன்னு. கைடைக் கும்பிட்டாங்க."

ஆறு நாளில் ஒரே ஒரு முறை நீ இன்னொருத்தரை மொழிபெயர்க்க விட்டிருக்கிறாய். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று உன்னைத் திட்டினேன். இரண்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாயே, ஒரு நாள் சொல்லியிருக்கலாமே! ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்க நான் கதை சொன்னபோது என் காலை மிதித்திருக்கலாமே!

காரியத்தன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்த, அந்தப் புல்லு கதைய ஒரு தடவ சொல்லுங்க. அம்மா சிரிக்கறாப்புல இருக்கும்" என்றாள். இவர், பையன், ஆபீஸ்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். சொன்னேன். பாலம் வரைக்கும் சிரித்தார்கள். அதன்பிறகு உண்மையைச் சொன்னேன். ஆக்ஸிஜன் குறைந்து என்னால்தான் முடியவில்லை, அவள் மேல் தப்பில்லை, என் மானத்தைக் காப்பாற்றப் பழியை வாங்கிக்கொண்டாள் என்று.

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, எங்கம்மாவுக்காகப் பொய் சொல்லாதீங்க. அவங்க எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா?"

"மா, அவங்க பூட்டாங்கன்னு பழிய நீ ஏத்துக்காத" என்றான் என் பையன். டீச்சர் சொன்னார் என்றேன். பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள். உன் லட்சணத்தைப் பார்த்தாயா? பத்தொன்பது வருஷம் எல்லாவற்றையும் சொதப்பி வைத்ததில், இதையும் நீதான் சொதப்பினாய் என்று நம்ப ஊரில் ஒருத்தருக்கும் கஷ்டமாக இல்லை. நான் தொண்டை கிழியச் சொன்னாலும் எடுபடாது.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். விக்கிரவாண்டி தாண்டிய பிறகு கேட்டார்.

"ஏன்டி, ஒனக்குத்தான ஆக்ஸிஜன் கம்மியா இருந்துச்சு?"

"ஆமா."

"அந்தம்மாவுக்கு?"

"அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ அவங்க ஏன் ஏரிக்குப் போவல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. டீச்சர் சொன்னதைக் கேட்டதிலிருந்து நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். என் மானம், என் பழி, என் மன்னிப்பு. நீ என்னோடு கீழே இறங்கினாய் என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் தனியாக அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று நீயும் இறங்கியிருக்கிறாய். இவர் என் தோளில் கை வைத்தார். அந்த பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் அதை நினைத்தால் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. எத்தனையோ பொய் சொன்னவளுக்கு என்னிடம் இன்னொரு பொய் சொல்லத் தெரியாதா? நாலு கிலோமீட்டர்தானே. போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமேடி.