பிரேக் கட்டைப் பொட்டலம்

பொடியா,

ரேஷன் கார்டைத் தேடித் தகரப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். கார்டு கிடைக்கவில்லை. உன் காகிதப் பொட்டலம்தான் விழுந்தது. பிரித்ததும் அதே ரப்பர் வாசனை. பன்னிரண்டு பிரேக் கட்டைகள், கல் மாதிரி இறுகிப் போயிருக்கின்றன. அதற்கு மேல் எந்த வேலையும் ஓடவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வரை படித்த கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், சிரிக்காதே.

மீசை முளைத்த பிறகும் நீ எனக்குப் பொடியன்தான். கருக்களாச்சேரியில் பிறந்துவிட்டுக் கட்டுமரத்தில் ஏறினாலே வாந்தி எடுத்தவன் நீ ஒருத்தன்தான். "மீனெல்லாம் இவன் எப்ப வருவான், சோறு போடுவான்னு காத்துக் கெடக்கு" என்று அப்பா கரையில் நாலு பேர் முன்னால் சொல்வார். நீயும் சிரித்துக்கொண்டே நிற்பாய். அப்புறம் காரைக்காலில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் போய்ச் சேர்ந்தாய். அங்கே இருக்கும்போதுதான் கொடைக்கானலில் ஒரு சைக்கிள் கடைக்கு ஆள் கேட்டார்கள். நீ தயங்கினாய். போகச் சொன்னது நான்.

"மலையில யாரும் முங்கிச் சாவ மாட்டாங்கடா, போ."

இரண்டு மாமன்களைக் கடலுக்குக் கொடுத்த வீடு நம்முடையது. வேறென்ன சொல்வேன்?

லீவுக்கு வந்தால் மலைக் கதைதான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நீ விருந்தாளிகள் என்பாய். பனி விலகியதும் ஏரிக்கரையில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்து, மரங்களுக்கு நடுவே மலைச்சாலையில் கூட்டிப்போவாய். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்களாம், நீ கடைசியில் வருவாயாம். இறக்கத்தில் நீ முன்னால். உன்னை ஒருவரும் முந்தக் கூடாது. உச்சியில் நிறுத்தி, தூரத்தில் மின்னுகிற ஏதோ அணைத் தண்ணீரைக் காட்டி, "அதுதான் எங்க ஊரு கடல்" என்பாயாம்.

"பொய் சொல்லலாமாடா?"

"பம்பாய்க்காரனுக்குத் தெரியவா போவுது? அந்த எடத்துக்கு வந்தா ஒன் நெனப்பு வருதுக்கா. கடல்னு சொன்னாத்தான் அடங்குது."

கடைசியாக வந்தபோது காரைக்கால் கடைத்தெருவில் இந்தப் பொட்டலத்தை வாங்கினாய். மழை பிடித்தால் மலையில் கட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றாய். "மொதல்ல விருந்தாளிங்க வண்டிக்கு மாட்டுவேன். மிச்சம் இருந்தா எனக்கு. எனக்குத்தான் காலு இருக்கே" என்று செருப்பைத் தரையில் தேய்த்துக் காட்டினாய். நம் ஊர்ச் சமதரையில் பாதிப் பேர் அப்படித்தான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

விடிந்ததும் கிளம்பினாய். நான் அடுப்படிக்குத் திரும்பினால் பொட்டலம் அம்மி மேல் இருந்தது. வாசலுக்கு ஓடினேன். நீ காய்கிற வலைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாய். ஒரு சத்தம் போட்டால் கேட்கும் தூரம். வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்புடாதடி. போற ஆளைப் பின்னாலேருந்து கூப்புடுவியா? நீ கடக்கரையில பொறந்தவதானே?"

கடலுக்குப் போகிறவரை முதுகுப் பக்கமிருந்து கூப்பிடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை மறந்துவிட்டுப் போனாலும் கூப்பிட மாட்டோம். நீ போனது கடலுக்கு இல்லை, பஸ்ஸுக்கு. அது அந்த நேரம் தோன்றவில்லை. உனக்கு எதிரே போய் நின்று கொடுத்துவிடலாம் என்று மணல் பக்கமாகச் சுற்றி ஓடினேன். கால் புதைந்து புதைந்து, ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது பஸ் விட்ட புகைதான் இருந்தது.

பத்து நாளில் தபால் கார்டு போட்டாய். கட்டையை மறந்துவிட்டேன், அனுப்ப வேண்டாம், இங்கே பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் உன் முதலாளியின் கடிதம். வாத்தியார் வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மழை, இறக்கம், வளைவு. விருந்தாளிகள் ஆறு பேரும் பத்திரம். நீ மட்டும் பள்ளத்தில். மூன்று தடவை படிக்கச் சொன்னேன். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா போய் அங்கேயே காரியத்தை முடித்துவிட்டு வந்தார். அவன் வண்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "வண்டிய எவன் பாத்தான்" என்றார். அதற்கப்புறம் அவர் உன்னைப் பற்றி ஒரு கேலி பேசியதில்லை.

இப்போது நான் எல்லோரையும் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன். குடை, பீடிக்கட்டு, யார் எதை மறந்தாலும் சரி. போன வாரம் கட்டுமரத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்த ஒருவரைச் சோற்றுத் தூக்குக்காகக் கூப்பிட்டேன். அவர் பெண்டாட்டி தெருவில் நின்று, "தம்பிய முழுங்குனது பத்தாதா ஒனக்கு?" என்று ஏசினாள். ஏசட்டும். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் கரைக்கும் வந்தார்.

எனக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பொட்டலத்தைக் கட்டுகிறேன், மறுபடி பிரிக்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாயே பொடியா, உன் வண்டிக்கும் கட்டை மாற்றினாயா?