நீ விடாத நட்சத்திரம்

என் நஸ்ரினுக்கு,

உன் நட்சத்திரத்திலிருந்து ரேடியோ அலை வந்திருக்கிறதடி. நேற்று மதியம் எங்கள் தா.பழூர் வீட்டில் கணினியில் தொலைநோக்கித் தரவைத் திறந்து பார்த்தேன்.

ராட்சதக் கருந்துளைக்கு அருகில் போய் அது கிழிபட்டபோது பளீரென்று ஒளி வந்தது, பிறகு மங்கியது. ரேடியோவில் ஒன்றுமே இல்லை. வழக்கம்போல் சில மாதங்கள் பார்த்துவிட்டு, முடிந்தது என்று எல்லோரும் அடுத்ததற்குப் போய்விட்டோம். நீ மட்டும் இன்னொரு தடவை பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நம் ஆய்வு வழிகாட்டி சார் சிரித்தார்: "கல்யாணம் முடிஞ்சு பந்தலையும் பிரிச்சாச்சு. இப்ப போயி எல போடச் சொல்றியேம்மா!"

ரேடியோ தொலைநோக்கியில் பார்க்க உனக்கு நேரம் ஒதுக்கியபோது நீ இல்லை. ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்குப் பதிலாக நான் பார்க்கிறேன் என்றேன். நம்பிக்கையால் அல்ல. உன் பெயருக்கு வந்த நேரம் வேறு யாருக்கோ போவதைத் தாங்க முடியவில்லை.

முதலில், தொலைநோக்கி பக்கத்தில் யாரோ செல்போனை அணைக்க மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மறுபடி மறுபடி சரிபார்த்தேன். அதே இடத்தில் அதே புள்ளி. கிழிபட்டு இத்தனை ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து பாய்ந்த ஏதோ ஒன்று சுற்றியுள்ள வாயுவில் மோதிக்கொண்டிருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம்? உன்னிடம்தானே கேட்டிருப்பேன்?

சாருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன் செய்து, "அந்தப் புள்ள சொல்லிச்சேம்மா" என்றார்.

இன்று காலை பஸ் ஏறி லப்பைக்குடிக்காடு போய் உன் உம்மாவிடம் சொன்னேன்.

"செத்துப்போன நட்சத்திரம்னுல்ல சொல்லுவா? அது எப்புடிம்மா இப்ப...?"

"எங்களுக்கும் அதாம்மா புரியல."

டீயை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கேட்டார்: "கட்டுரையில எம் புள்ள பேரு வருமா? மௌத்தானவங்க பேரப் போடுவாங்களா?"

திரும்பும் வழியில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் சாரைக் கேட்டேன். "நன்றி சொல்ற எடத்துல போட்டுருவோம்மா. பாத்தது நீதானே, உம் பேரு முன்னால வரட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பார்க்கச் சொன்னது யார்?

எனக்கு உரக்கப் பேச வராது, உனக்குத் தெரியும். அத்தனை கூட்டத்தில் கத்தியேவிட்டேன்: "மொதல்ல நஸ்ரின் பேருங்க சார். இல்லன்னா என் பேரே வேணாங்க!"

"யோசிக்கிறேன்" என்றார்.

அவர் யோசிக்கட்டும். உன் பெயர் முதலில் இல்லாமல் இந்தப் புள்ளி அச்சேறாது. அச்சான தாளை உன் உம்மாவின் மடியில் விரித்து, அவர் விரலைப் பிடித்து உன் பெயர்மேல் வைப்பேன்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
செல்வி