ஒரு லோடு மணல்

14-9-2003, ஞாயிறு.

திருக்கழுக்குன்றம் அருகே ஓடையில் எங்கள் சுற்றுச்சூழல் குழு கட்டும் தடுப்பணைக்கு இன்று மணல் வந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டுமே என்று சிமென்ட் கடைக்காரரிடம் ஒரு லோடு சொல்லி வைத்தவன் நான்தான். எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லை.

லாரி டிரைவர் இறங்கி என்னையே பார்த்தார். போன மாதம் பாலாற்றில் மணல் அள்ளக் கூடாது என்று நாங்கள் மறித்தது அவர் வண்டியைத்தான்.

"அதே எடத்து மண்ணுதான் சார். நல்லா கீது, கையில எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். நல்ல மணல்தான்.

கொத்தனார், "இன்னா சார், கொட்டலாமா வேணாமா?" என்றார்.

லாரியின் பின்பக்கம் ஆற்றுத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஓரமாகக் கொட்டச் சொன்னேன்.