வேலாயுதம், பழனியாண்டி, அப்பா

திங்கள். காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை.

கடைக்கார நானா வந்து அம்மாவிடம் விளக்கினார். இதுவரை நகரசபையில் நமக்கென்று உட்கார்ந்தவர் வெள்ளைக்காரத் துரை நியமித்த ஆள். இனி ஊரை வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒருவரை நாமே ஓட்டுப் போட்டு அனுப்பலாம். ஓட்டுக்குப் பெயர் பதிந்தவர்கள் குறைந்தால் நம் சந்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்தோடு சேர்ந்துவிடுமாம்.

“அப்புறம் தண்ணிக் குழாய் கனவுதான்லா, தங்கச்சி. வெள்ளிக்கிழமைதான் கடைசி.”

அம்மா ஈரத்துணியை எடுத்து மறுபடி பிழிய ஆரம்பித்தார். அப்பாவையும் பெயர் பதியத்தான் என்று போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். இன்னும் தடுப்பு முகாமில்.

புதன். நல்ல வெயில். மிளகாய் காயப்போட்டேன்.

பக்கத்து வீட்டு ராசம்மாக்கா பதியாமலே திரும்பி வந்தார். மேசையில் பெயர் எழுதும் கிராணி, புருஷன் பெயரைக் கேட்டாராம்.

“அவுக பேரை நான் எப்படிடி சொல்றது? முருகன் கையில இருக்குமே, அதுன்னேன். அந்த மலாய்க்காரக் கிராணி முழிக்கிறான்!”

ஒரே சிரிப்பு. நானா மட்டும் சிரிக்கவில்லை. சந்துப் பெண்கள் அத்தனை பேரும் இப்படியே திரும்பியிருக்கிறார்கள். பாதி ஓட்டு போச்சு. ஆண்கள் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்; கூட வந்து பெயர் சொல்ல ஆளில்லை.

“கல்யாணம் ஆகாத பிள்ளை சொல்லலாம்ல?” ராசம்மாக்கா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்படிக்குள் போய்விட்டேன். கடையில் சீனி கேட்கவே எனக்குக் குரல் வராது.

வியாழன். ராசம்மாக்காவிடம் சரி என்றுவிட்டேன். பயம்தான்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனப்பாடம். வேலாயுதம். பழனியாண்டி. சின்னத்தம்பி. கோவிந்தன்.

அம்மா: “மேசைக்குப் பக்கத்திலே போலீஸ் நிக்கிதாம். நான் வரல. உங்கப்பா பேரைக் கேட்டா?”

வெள்ளி. புழுக்கம். மழை வரவில்லை.

போனேன். பெண்கள் ஒவ்வொருவராக மேசை முன் நிற்க, பின்னால் நின்று நான் பெயர் சொன்னேன். முதல் பெயர் கிராணிக்குக் கேட்கவில்லை. “குவாட் சிக்கிட்!” என்றார். சத்தமாகச் சொன்னேன். ராசம்மாக்கா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முடிந்தது என்று திரும்பினால், வரிசைக் கடைசியில் அம்மா. கிராணி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

“மாரிமுத்து,” என்றேன்.

போலீஸ்காரர் நிமிர்ந்தார். எங்கே இருக்கிறார் என்று என்னைக் கேட்டார்.

“முகாமில்.”

கிராணி எழுதிக்கொண்டார். அம்மாவின் அடையாளக் கார்டைப் போலீஸ்காரர் திருப்பித் தரவில்லை. நாளைக்கு ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

சனி. மேகமூட்டம். அம்மா சேலை மாற்றிவிட்டார். “எது கேட்டாலும் நீயே சொல்லு,” என்கிறார்.

கிளம்புகிறோம்.