பேக் பட்டன் காட்டிய அறை

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

"பேக் அழுத்தினா என் டாக்குமெண்டுக்கே திரும்ப மாட்டேங்குது"ன்னு நேற்று கம்ப்யூட்டரைத் திட்டினீர்களே, காரணம் தெரிந்துவிட்டது. நம் கம்ப்யூட்டரில், டாக்குமெண்டில் உள்ள லிங்க்கைத் தட்டினால், பிரவுசரில் ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தின் மேலேயே அது திறக்கிறது. அதனால் பேக் அழுத்தினால் அந்தப் பழைய பக்கம்தான் வரும். டாக்குமெண்ட் எங்கும் போகவில்லை, பின்னால் திறந்தேதான் கிடக்கிறது.

இன்று நான் பேக் அழுத்திப் பார்த்தபோது வந்த பழைய பக்கம்: "ஒருவர் மட்டும் தங்க அறை. உடனே குடியேறலாம்."

நண்பருக்குத்தான் பார்த்தேன் என்று மழுப்ப வேண்டாம். அதே பக்கத்தில் நிரப்பியிருக்கும் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கிறது.

பி.கு.: இன்னொரு தடவை பேக் அழுத்தக் கை போனது. அழுத்தவில்லை. அதற்கு முன்னால் என்ன பார்த்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.