அப்பா நின்ற வரிசை

ஸ்காபரோ
27.12.2009

அன்பு மகள் நதீஷாவுக்கு,

ஆண்டவர் துணையில் நானும் அப்பாவும் சுகம். மெல்போர்ன் வெயிலில் நீயும் மருமகனும் சின்னவளும் நலமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். போன கடிதத்தில் அழுது எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. றொய்சனை விட்டுவிட்டார்கள். வேரோனிக்கா மாமியின் மகன், சண்டை முடிந்த நாளிலிருந்து வவுனியா முகாமில் கிடந்த பிள்ளை, இப்போது பேசாலையில் பங்குச் சுவாமியின் வீட்டில் நிற்கிறான். எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

அந்தச் செய்தி வரும்வரை இங்கே பட்ட பாட்டையும் கேள். பத்தொன்பதாம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. ஊரில் எங்களுக்குத் தனிநாடு வேண்டுமா என்று இங்கே கனடாவில் இருக்கிற எங்களிடம் கேட்டார்கள், சனம் இரண்டாய்ப் பிரிந்து நின்றது. மீன்கடையில் ஒருவர், சண்டை முடிந்தாலும் எங்கள் வாய் மூடவில்லை என்று காட்ட வேண்டும் என்கிறார், பக்கத்தில் நின்றவர், நாங்கள் இங்கே புள்ளடி போட அங்கே முள்ளுக்கம்பிக்குள் இருக்கிறதுகள் அல்லவா அனுபவிக்கும் என்கிறார். எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது, மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் வாக்குப் போடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் கொழும்புக்குப் போகும், முகாமில் உள்ள சொந்தக்காரரை மறித்து வைப்பார்கள் என்று யாரோ அவிழ்த்துவிட்ட கதை அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. தங்கச்சி பெற்ற பிள்ளை றொய்சன் வெளியே வரும்வரை ஒரு தாளிலும் பெயர் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடி. உன் அலெக்ஸாண்டர் மாமா இந்த வாக்கெடுப்புக்காக அஜக்ஸிலிருந்து ஓடித் திரிந்தவன். அத்தான் ஒரு பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு மூன்று கிழமையாய் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவன் ஒருபக்கம், கட்டினவர் ஒருபக்கம், நடுவில் நான்.

அன்றைக்கென்று கோயிலில் நத்தார்த் திருநாளுக்கு முந்தின பாவசங்கீர்த்தனமும் இருந்தது. நான் உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கீழ் மண்டப நடையில் நீள வரிசையைக் கண்டு, அதுதான் தமிழ்ச் சுவாமியின் வரிசை என்று செபமாலையோடு போய் நின்றுவிட்டார். அரை மணித்தியாலம் தன் பாவங்களை நினைத்து உருகியபடி நகர்ந்து கதவைத் தாண்டினால், உள்ளே வாக்குப் பெட்டி. மேசையில் அலெக்ஸாண்டர். அவன் எழும்பி ஓடிவந்து, “அத்தான், நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும்” என்று எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து அழுதானாம். அதற்குப் பிறகு எந்த வாயால் நான் வரிசை மாறி வந்தேன் என்று சொல்வது? பெயரைக் கொடுத்தார், தாளை மடித்துப் போட்டார், நேரே மேலே ஏறிப்போய் அதையும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சுவாமி அதற்கு மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொன்னாராம். எதற்குப் புள்ளடி போட்டார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் அதன் பிறகு அவருக்கு நித்திரையில்லை. என் கையாலேயே பிள்ளையை உள்ளே வைத்துவிட்டேன் என்று ஒரே புலம்பல். நத்தாருக்கு முதல்நாள் காலை அலெக்ஸாண்டர் கேக் கொண்டுவந்து இருந்த நேரம்தான் பேசாலையிலிருந்து போன் வந்தது. றொய்சனின் குரலைக் கேட்டதும் அப்பா சுகம்கூட விசாரிக்காமல் வாக்குப் போட்ட கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிள்ளை, “அதை விடுங்கோ மாமா, உங்கடை பேரைப் பாத்து ஆர் என்னை மறிக்கப் போறாங்கள்” என்று சிரித்தானாம். அலெக்ஸாண்டருக்கு அப்போதுதான் அப்பா ஏன் பயந்தார் என்று விளங்கியது. எழும்பிப் போய் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். எனக்கு அது போதும்.

இயேசு மரி சூசை உங்கள் மூவரையும் காக்கட்டும். சின்னவளுக்கு எங்கள் முத்தங்கள்.

ஒரு காரியம் மறந்துவிடாதே. காசு அனுப்பவா, உடுப்பு அனுப்பவா என்று கேட்டதற்கு றொய்சன் ஒன்றும் வேண்டாம் என்றான். சண்டைக்குள் தாயைப் புதைத்த இடத்தில் ஓர் அடையாளமும் வைக்க முடியவில்லையாம், ஓடிவரும்போது படங்களும் போய்விட்டதாம். “அம்மான்ரை முகம் மறந்து போடுமோ எண்டு பயமாக் கிடக்கு மாமி” என்றான். சமாதான காலத்தில் நடந்த உன் கலியாணப் படத்தில் வேரோனிக்கா மாமி உனக்கு வலப்பக்கம் நிற்கிறா. அதைப் பெரிதாக்கி உடனே அனுப்பு.

உன் அம்மா,
ஜோசப்பின் அமிர்தநாதர்