தாமாகவே ஒப்படைத்தாராம்

ஐயா,

இன்றைய பேப்பரில் மை இன்னும் காயவில்லை, விரலெல்லாம் கறுப்பு. முன்பெல்லாம் அந்த வாசனைக்கே எனக்கு உடம்பு துள்ளும். இன்று வயிறு எரிந்தது. நீங்கள் இறந்த செய்தியைக் கடைசிப் பக்கத்து மூலையில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் தொடங்கிய பேப்பரில்! அதிலும் ஒரு பொய். 'உடல்நலம் குன்றியதால் பத்திரிகையைத் தாமாகவே ஒப்படைத்தார்.'

யாருக்கு உடல்நலம் குன்றியது?

பள்ளிக்கூடம் போகாத நான் உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் கன்னட எழுத்தே கற்றேன். மண்டி மொஹல்லா காபிக் கடையில் அதைப் படித்து, கொள்ளேகால் பக்கமிருந்து வந்து மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தமிழில் சொல்வேன். ஒருநாள் நீங்களே வந்து கேட்டுவிட்டு, "நான் எழுதினதைவிடக் காரமா சொல்றியே மாராயா!" என்று சிரித்தீர்கள்.

அந்தத் துணிச்சலில்தான் உங்களிடம் ஓடி வந்தேன். தசரா விருந்தாளிகளின் பங்களாத் தோட்டத்துக்காக மூட்டைக்காரர் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார்கள், என் தண்ணீர் ஆபீஸில். குழாயை மூடியவன் நான், அதுதான் என் வேலை. மறுநாளே நீங்கள் அச்சில் போட்டீர்கள்.

அதிகாரி அச்சகத்துக்கே வந்தார். "சொன்னவன் பேரைக் குடுங்க ஸ்வாமி. இல்லேன்னா அனுமதி ரத்து."

"தெருவே சொல்லித்து. எத்தனை பேரை எழுதிக்கப் போறேள்?" என்றீர்களாம்.

சர்க்கார் அனுமதி இல்லாமல் இந்தச் சமஸ்தானத்தில் யார் பத்திரிகை நடத்த முடியும்? அச்சகத்தைப் பூட்டினார்கள். 'வாயைத் திறக்காதே, உன் வேலையாவது மிஞ்சட்டும்' என்று எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். பிறகு அதே பெயரில் ஒரு கான்ட்ராக்டர் பேப்பரை எடுத்து நடத்துகிறார். தினமும் தோட்ட விருந்து, மாலை மரியாதை. தூ!

இன்று கடையில் அந்தச் சாவுச் செய்தியைப் படித்துச் சொன்னேன். மூட்டைக்காரர் பெரியண்ணன் பீடியை அணைத்தார். "அவராவே உட்டுட்டாரா? பயந்தாங்கொள்ளி. நம்ம தண்ணியப் பத்தி ஒரு நாள் எழுதிப்போட்டு ஓடிட்டாரு."

பேப்பரைக் கசக்கி எறிந்தேன். "அவரு ஓடலைண்ணா! தண்ணி நல்லிய மூடினவன் நான். அவருகிட்ட சொன்னவனும் நான். என் பேரைக் கேட்டாங்க. குடுக்கலை. அதுக்குத்தான் பேப்பரைப் பிடுங்கினாங்க."

"மெதுவா பேசு மாராயா," கடைக்காரர் கையைப் பிடித்தார். "உங்க தண்ணி ஆபீஸ் பியூன் வெளிய நிக்கறான்."

நின்றால் நிற்கட்டும். இன்னொரு முறை சொன்னேன், அவனுக்கும் கேட்கிற மாதிரி.

பெரியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "அவரு ஊடு எங்கப்பா இருக்குது?" என்று கேட்டார்.

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. இந்தக் கோபம் இருக்கும், ஐயா. இதோடுதான் இப்போது பெரியண்ணனையும் மற்ற மூட்டைக்காரர்களையும் உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறேன்.